மேன்மையர் கைகாட்டினால் ஓடம் நிற்கும்

முத்தாற்று நாட்டில் மக்களுக்குச் சில வேளை சோறு இல்லாமல் போனதுண்டு. பட்டம் இல்லாமல் போனதே கிடையாது. அரண்மனை யானைக்கு 'மலைநிகர் மாமணி' என்று ஒரு பட்டம் கொடுத்திருந்தார்கள். யானை செத்துப்போனது. அதற்குப் பதிலாக ஒரு கழுதையைத்தான் வாங்க முடிந்தது. கழுதைக்கும் அதே பட்டத்தைக் கொடுத்தார்கள். திருவிழா நாளில் மலைநிகர் மாமணி வீதியுலா வந்தபோது மக்கள் வழக்கம்போல் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அந்த நாட்டில் மன்னர் ஒருவர் இருந்தார். அவருடைய வேலை முத்திரை குத்துவது. முத்திரை குத்தவேண்டிய ஆணைகளை எழுதுவது அமைச்சர்களின் வேலை. அமைச்சர்களை மக்களே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குடத்தில் சோழி போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்த மறுநாளிலிருந்து அவர்களை 'மேன்மையர்' என்று அழைக்கவேண்டும் என்பது சட்டம்.

நாட்டில் ஒரு நோயும் இருந்தது. அதற்கு மரப்பு என்று பெயர். தோலில் வெளிறிய படை ஒன்று தோன்றும். அந்த இடத்தைக் கிள்ளினால் வலிக்காது. கவனிக்காமல் விட்டால் விரல்கள் மடங்கிப்போகும், பாதத்தில் புண் வரும். ஒட்டுகிற நோய்தான், ஆனால் மிகவும் சோம்பேறித்தனமாக ஒட்டுகிற நோய். நல்ல மருந்தும் இருந்தது. சாப்பிடத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே ஒட்டுகிற சக்தி போய்விடும். விடாமல் சாப்பிட்டால் நோயும் போய்விடும். மடங்கிய விரல் மட்டும் நிமிராது. நாட்டு மக்கள் மருந்தை நம்பினார்கள். மடங்கிய விரலை நம்பவில்லை.

அதனால் மரப்பு வந்தவர்களும் வந்து குணமானவர்களும் ஆற்றின் கீழ்ப்பக்கம், வேலமேடு என்ற இடத்தில் தனியாக வசித்தார்கள். முத்தாற்றில் மேலும் கீழும் போய்வந்த பெரிய ஓடம் எல்லாத் துறையிலும் நிற்கும். சுடுகாட்டுத் துறையில்கூட நிற்கும். வேலமேட்டில் மட்டும் நிற்காது.

வேலமேட்டில் பணிசெய்ய 'துணைக்கரம்' என்ற சிறிய சங்கம் ஒரு பெண்ணை நியமித்திருந்தது. அவள் பெயர் செங்கமலம். பக்கத்துக் குப்பத்தில் குடியிருந்தாள். புண்ணுக்குக் கட்டுப்போடுவது, மருந்து கொடுப்பது, கணவன் துரத்திவிட்ட பெண்ணுக்காகக் கணவன் வீட்டு வாசலில் போய் நின்று தெருவே கூடும்படி சண்டைபோடுவது எல்லாம் அவள் வேலை. மூன்றாவது வேலையில் அவளுக்குத் தனித்திறமை இருந்தது. குரல் அப்படி. வேலமேட்டுக்காரர்களோடு பழகுகிறாள் என்பதால் ஓடக்காரர்கள் அவளையும் ஏற்றமாட்டார்கள்.

அவளோடு அதிகம் வாயாடுபவள் காத்தாயி. அவளுக்கு நோய் குணமாகிப் பல வருஷமாகிவிட்டது. மடங்கிய விரல்களோடு கத்தரித் தோட்டம் போட்டிருந்தாள். காய் நன்றாகக் காய்த்தது. கொண்டுபோக வழியில்லாமல் செடியிலேயே முற்றியது. அவளுடைய மகள் பூங்கோதை தலைநகரான கொடித்துறையில், சித்தி வீட்டில் வளர்ந்தாள். அந்தப் பூங்கோதைக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அம்மா வந்து மணவறைக்குப் பக்கத்தில் நிற்காமல் தாலி கட்டிக்கொள்ள மாட்டேன் என்று மகள் சொல்லியனுப்பியிருந்தாள்.

"நடந்தே போயிர்றேன் கமலம்," என்றாள் காத்தாயி.

"போங்கக்கா. காட்டுப் பாதை முழுக்கக் கருங்கல்லு. உங்க காலுக்குக் குத்துறது தெரியாது, வெட்டுறது தெரியாது. கல்யாணத்துக்கு நீங்க போய்ச் சேருவீங்க, காலு வந்து சேராது."

"அப்போ ஓடத்தை நிறுத்தச் சொல்லு."

"சொல்றேன்," என்றாள் செங்கமலம். மறுநாள் காலையில் காட்டுப் பாதையில் கொடித்துறைக்கு நடந்தாள்.

அமைச்சரவையின் தலைவர் முதன்மை மேன்மையர் வாகையழகன் அவளை உடனே வரச்சொன்னார். சோழித் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்ததால் அவர் அந்த நாள்களில் எல்லோரையும் உடனே வரச்சொன்னார். பக்கத்தில் செயலர் உத்தமசீலர் எழுத்தாணியோடு நின்றார்.

"வேலமேட்டுல ஓடம் நிக்கணுங்க. அவ்வளவுதான் கோரிக்கை," என்றாள் செங்கமலம்.

வாகையழகன் கண்களைத் துடைத்துக்கொண்டார். "அந்த மக்களை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சு பதறுகிறது, அம்மணி. அவர்களுக்கு என்ன வேண்டும்?"

"ஓடம் நிக்கணும்."

"உத்தமசீலரே, இவர்களுடைய உண்மையான துயரம் என்ன?"

செயலர் யோசித்தார். "மேன்மையரே, ஓடக்காரர்கள் தொகையில் அதிகம். அவர்களுக்கும் சோழி உண்டு. ஆகவே இவர்களுடைய துயரம் ஓடமாக இருக்க இயலாது. மரப்பு என்னும் அந்தக் கொடிய சொல்லே இவர்கள் துயரமாக இருக்கவேண்டும்."

"ஆகா!" என்றார் வாகையழகன். "அந்தச் சொல்லை ஒழிப்போம்!"

"ஐயா, சொல்லு இருந்துட்டுப் போகட்டும். ஓடம்..." என்று செங்கமலம் தொடங்குவதற்குள் முத்திரை குத்த ஆள் போய்விட்டான்.

மரப்பு என்ற சொல்லை நாவால் சொல்பவருக்குச் சிறை என்று அன்று மாலையே முரசறைந்தார்கள். முரசறைந்தவன் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் அறிவிக்கவேண்டியிருந்தது. அதனால் முதலில் அவனைப் பிடித்து அடைத்தார்கள்.

அடுத்த வாரம் செங்கமலம் மருந்து வாங்க அரசுப் பண்டகசாலைக்குப் போனாள். பண்டக அலுவலர் சட்டத்தை மதிப்பவர்.

"எந்த நோய்க்கு மருந்து?"

"அதாங்க, தோல்ல படை மாதிரி வந்து உணர்ச்சி போகுமே, அது."

"அதன் பெயர்?"

"பேரைச் சொன்னா என்னைப் பிடிச்சு உள்ளே போட்டுருவீங்க."

"ஆம்."

"சொல்லலேன்னா?"

"மருந்து தர இயலாது."

"மாசா மாசம் நீங்கதானே குடுக்கறீங்க? அந்தா, ரெண்டாவது தட்டுல இருக்கு பாருங்க."

அலுவலர் திரும்பிப் பார்த்தார். "அங்கே பெயரில்லாத சில குப்பிகள் உள்ளன. பெயரில்லாதவற்றை வழங்க எனக்கு அதிகாரம் இல்லை. பெயரோடு வாருங்கள்."

அந்த மாதம் வேலமேட்டுக்கு மருந்து வரவில்லை. புதிதாக நோய் கண்டு வந்திருந்த இரண்டு பேருக்குப் படை பெரிதாயிற்று. செங்கமலம் திரும்பவும் கொடித்துறைக்குப் போய், அமைச்சரவை வாசலில் நின்று, கணவன்மாருக்கென்று வைத்திருந்த குரலை எடுத்தாள். உள்ளே கூட்டம் நடத்த முடியவில்லை.

"சொல்லை எடுத்த இடம் காலியாக இருக்கிறது. அதுதான் குறை," என்றார் உத்தமசீலர். "புதுச்சொல் ஒன்று வைக்கவேண்டும், மேன்மையரே."

"சாதாரணச் சொல் கூடாது," என்றார் வாகையழகன். "நாட்டிலேயே உயர்ந்த சொல்லைக் கொடுப்போம். நமக்குரியதையே கொடுப்போம். இனி அவர்களும் மேன்மையர்!"

அவையில் கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. பல அமைச்சர்கள் அழுதார்கள். வாசலில் நின்ற செங்கமலமும் அழுதாள், அவளுடைய காரணம் வேறு.

பட்டமளிப்பு விழா வேலமேட்டுத் துறைக்கு எதிரே, கரையைத் தொடாமல் ஆற்றிலேயே நடந்தது. அலங்காரப் படகிலிருந்து யாரும் இறங்கவில்லை. மாங்காய் பறிக்கிற நீளமான துரட்டியின் நுனியில் பொன்னாடையை மாட்டிக் கரைக்கு நீட்டினார்கள். காத்தாயி முன்னால் வந்தாள். துரட்டி அவள் தோளுக்குப் பதிலாக மூக்கின்மேல் பொன்னாடையைப் போர்த்தியது.

"மேன்மையர் காத்தாயி அவர்களே!" என்று படகிலிருந்து வாகையழகன் கூவினார். "இன்றுமுதல் நீங்கள் வேறு, நான் வேறு அல்ல!"

"அப்போ உங்க படகுலயே ஏறிக்கிடட்டுங்களா?" என்று காத்தாயி பொன்னாடைக்குள்ளிருந்து கேட்டாள். "கொடித்துறையில எம் பொண்ணுக்குக் கல்யாணம்."

காற்று எதிர்த்திசையில் வீசியதால் அது கேட்கவில்லை என்று படகு திரும்பிவிட்டது.

மருந்துக்கும் 'மேன்மை மருந்து' என்று பெயர் வைத்தார்கள். அதைச் சாப்பிட்டால் மேன்மையர் ஆகலாம் என்று கொடித்துறையில் ஒரு பேச்சுக் கிளம்பியது. அடுத்த தேர்தலில் நிற்க ஆசைப்பட்டவர்களெல்லாம் பண்டகசாலையில் முண்டியடித்தார்கள். அந்த மருந்து சிறுநீரைச் சிவப்பாக்கும் குணமுடையது. கொஞ்ச நாள் கொடித்துறையில் பெரிய குடும்பங்கள் பலவற்றில் அழுகுரல் கேட்டது. பதவி தொடங்கிவிட்டதன் அடையாளம் அது என்று ஒரு சோதிடர் சொன்னபிறகே அமைதி திரும்பியது. வேலமேட்டுக்கு மட்டும் அந்த மாதமும் மருந்து வரவில்லை. செங்கமலம் ஒரு பெரிய வீட்டின் கொல்லைப்புறமாகப் புகுந்து, சமையற்காரியோடு சண்டைபோட்டு, மிச்சமிருந்த குப்பிகளை மடியில் கட்டிக்கொண்டு வந்தாள்.

மக்கள் சட்டத்தை மீறவில்லை. பழைய சொல்லை யாரும் சொல்லவேயில்லை. தாய்மார்கள் குழந்தைகளிடம், "அந்தப் பக்கம் போகாதே, மேன்மையர் இருப்பாங்க," என்றார்கள். கோபம் வந்தால், "உனக்கு மேன்மை வந்து விரல் மடங்க," என்று சபித்தார்கள். புதுச்சொல் கொஞ்ச நாளிலேயே பழைய சொல்லின் வேலையை முழுவதுமாகக் கற்றுக்கொண்டது.

அமைச்சர்களுக்கு இது உடனே தெரியவில்லை. முன்னால் போகும் கட்டியக்காரன், "மேன்மையர் வருகிறார், வழிவிடுங்கள்!" என்று கூவியதும் தெரு முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் காலியாயிற்று. "நம் செல்வாக்கு வளர்ந்துவிட்டது," என்று வாகையழகன் மகிழ்ந்தார். பிறகு நாவிதர் வரவில்லை. வண்ணார் துணியைத் தொடவில்லை. அரசுப் படகின் துடுப்புக்காரர்கள், வீட்டில் பெண்சாதி பயப்படுகிறாள் என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டார்கள்.

கீழாற்று ஊரில் தேர்தல் கூட்டம். வாகையழகனும் உத்தமசீலரும் மேன்மையர் கொடியோடு துறையில் நின்று பெரிய ஓடத்துக்குக் கைகாட்டினார்கள். ஓடத்தின் தலைவன் சடையன் கொடியில் எழுதியிருந்ததைப் படித்தான். "ஏய், தள்ளு தள்ளு! மேன்மையர் நிக்கிறாங்க!" என்றான். ஓடம் நடு ஆற்றுக்குப் போய், அங்கிருந்தே கடந்துபோயிற்று.

கூட்டத்துக்குப் போகாமல் இருக்க முடியாது. இருவரும் ஒரு பரிசலில் ஏறினார்கள். இருவருக்கும் துடுப்புப் போடத் தெரியாது. பரிசல் அவர்களை எல்லாத் திசைகளையும் நன்றாகப் பார்க்கவைத்துக்கொண்டே கீழே கொண்டுபோய், வேலமேட்டுத் துறையில் கவிழ்த்தது.

காத்தாயிதான் முதலில் பார்த்தாள். "ஏ கமலம்! எனக்குப் பொன்னாடை போட்டவரு தண்ணி குடிக்கிறாரு, ஓடியா!"

செங்கமலமும் மற்றவர்களும் சேர்ந்து இழுத்துக் கரையில் போட்டார்கள். வாகையழகன் கண்ணைத் திறந்ததும், தன் கையைப் பிடித்திருந்த மடங்கிய விரல்களைப் பார்த்து மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு எழுந்து உட்கார்ந்து, "அடுத்த ஓடம் எப்போது?" என்று கேட்டார்.

"ஓடம் இங்க நிக்காதுங்க," என்றாள் காத்தாயி.

"கைகாட்டினால்?"

"காட்டிப் பாருங்க."

அவர் காட்டினார். போன ஓடத்துக்குக் காட்டினார், வந்த ஓடத்துக்குக் காட்டினார். துண்டை வீசினார். மேலங்கியைக் கழற்றி ஆட்டினார். ஓடத்திலிருந்த குழந்தைகள் பதிலுக்குக் கையாட்டின; தாய்மார்கள் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார்கள். வெயில் சாயும்வரை முதன்மை மேன்மையர் துறையில் நின்று கத்தினார். குரல் கட்டிப்போயிற்று.

"நான் இங்கே நிற்பது அவர்களுக்குத் தெரியவில்லையா?" என்று கடைசியில் கிசுகிசுத்தார்.

"தெரியுதுங்க. அதனாலதான் தள்ளிப் போறாங்க," என்றாள் காத்தாயி. அவள் கேலியாகச் சொல்லவில்லை. அவரைப் பார்க்க அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. தட்டில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டு அவருக்கு எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, அவர் கூச்சப்படாமல் இருக்கட்டும் என்று எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டாள். உத்தமசீலர் மரபுப்படி முதலில் மறுத்தார். பிறகு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். வாகையழகன் மூன்று முறை.

மறுநாள் செங்கமலம் இருவரையும் காட்டுப் பாதையில் கூட்டிக்கொண்டு போனாள். பாதி வழியிலேயே முதன்மை மேன்மையருக்கு உள்ளங்கால் கொப்பளித்து, அவர் ஒரு கல்லில் உட்கார்ந்து குழந்தையைப்போல் அழுதார். செங்கமலம் பையிலிருந்த துணியைக் கிழித்துக் கட்டுப்போட்டாள்.

"வலிக்குதுல்ல? நல்லது," என்றாள். "வலிக்கிறதாலதான் உக்காந்தீங்க. காத்தாயக்கா உக்கார மாட்டாங்க. எலும்பு தெரியிற வரைக்கும் நடப்பாங்க. அதுக்குத்தான் ஓடம் கேட்டேன்."

வாகையழகன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மணி, சத்தியமாகச் சொல்கிறேன். ஓடம் நிற்கும்."

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்றே வரலாறு எழுதுகிறவர்கள் எழுதவேண்டும். கொடித்துறை சேர்ந்து, கால் ஆறி, கோபமும் பசியும் தீர்ந்தபின் ஆணை வந்தது. "மேன்மையர் எந்தத் துறையில் நின்று கைகாட்டினாலும் ஓடம் நிற்கவேண்டும். ஓடத்தலைவன் தன் கையைக் கொடுத்து அவர்களை ஏற்றவேண்டும். முன்வரிசை முழுவதும் மேன்மையருக்கே. மறுப்பவரின் ஓடம் பறிமுதல்." தாமும் மற்ற அமைச்சர்களும் இனி ஒருபோதும் ஆற்றங்கரையில் நின்று கத்தக்கூடாது என்பதே அதை எழுதியவரின் நோக்கம். வேலமேட்டை அவர் மறந்துபோயிருந்தார். உத்தமசீலரும் மறந்துபோயிருந்தார். மன்னர் வழக்கம்போல் படிக்காமல் முத்திரை குத்தினார்.

அதோடு, தெருவில் மக்கள் ஓடுவது நிற்காததால், அதே வாரம் இன்னோர் ஆணையும் வந்தது. அமைச்சர்களை இனி 'தியாகச்சுடர்' என்று அழைக்கவேண்டும். மேன்மையர் என்று அழைத்தால் தண்டனை.

இரண்டு ஆணைகளையும் செங்கமலம் குப்பத்துச் சந்தையில் கேட்டாள். முரசறைபவனை இரண்டாவது முறையும் சொல்லச்சொன்னாள். பிறகு வேலமேட்டுக்கு ஓடினாள்.

"அக்கா! சேலையை மாத்துங்க! கிளம்புங்க!"

"என்னாடி, யாரு செத்தா?"

"யாரும் சாகல. நாட்டுல இப்போ மேன்மையருன்னா நீங்க மட்டுந்தான்!"

கல்யாணத்துக்கு முதல்நாள் காலை காத்தாயியும் செங்கமலமும் இன்னும் சிலரும் கத்தரிக்காய்க் கூடைகளோடு துறையில் நின்றார்கள். ஓடம் வந்தது. காத்தாயி கையை உயர்த்தினாள். சடையன் நடு ஆற்றைப் பார்த்தான். தன் ஓடத்தைப் பார்த்தான். கடன் வாங்கிக் கட்டிய ஓடம் அது. முனகிக்கொண்டே கரைக்குத் திருப்பினான்.

கை கொடுக்கிற நேரம் வந்தது. அவன் கை பாதியிலேயே நின்றது.

"பயமா இருக்கா சடையண்ணே?" என்றாள் காத்தாயி.

"...ஆமா."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஓடத்துல ஏறி இருபது வருஷமாச்சு. கெட்டியாப் பிடிச்சுக்கோ, விட்டுறாதே."

சடையன் பிடித்தான். அவள் ஏறியபின்னும், ஓடம் ஆடியதால், அவள் உட்காரும்வரை விடவில்லை.

ஓடத்திலிருந்தவர்கள் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டார்கள். முன்வரிசை தாராளமாகக் கிடந்தது. இரண்டு துறை தாண்டியதும், பின்னாலிருந்த நெருக்கடியில் மூச்சு முட்டிய ஓர் அம்மாள், "கத்தரிக்கா என்ன விலை?" என்று அங்கிருந்தே கேட்டாள். காத்தாயி சொன்னாள். அந்த அம்மாள் பாதி விலைக்குக் கேட்டாள். காத்தாயி சிரித்தாள். பேரம் பேசுவதற்கு அந்தத் தூரம் வசதிப்படாததால் அந்த அம்மாள் முன்வரிசைக்கே வந்து உட்கார்ந்து, காயை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள்.

இடையூர்த் துறையில், தேர்தல் கூட்டம் முடித்துவிட்டு வாகையழகன் நின்றிருந்தார். கைகாட்டினார். ஓடம் வேகத்தைக் குறைத்தது.

"யாருங்க?" என்று சடையன் கத்தினான்.

"தியாகச்சுடர் வாகையழகன்!"

"பின்னால இடமில்லீங்க. முன்வரிசை மேன்மையருக்கு மட்டுந்தான். மீறினா ஓடத்தைப் பிடுங்கிருவாங்க. சட்டம்!"

"அந்தச் சட்டம் நான் போட்டதடா!"

"நல்ல சட்டங்க," என்று சடையன் துடுப்பைத் தூக்கினான்.

வாகையழகன் ஓடத்தைப் பார்த்தார். காட்டுப் பாதை இருக்கும் பக்கத்தைப் பார்த்தார். தன் உள்ளங்காலை நினைத்துக்கொண்டார். பிறகு, கூட்டத்துக்கு வந்த யாராவது காதில் விழும் தூரத்தில் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"நான் மேன்மையர்தான்."

"சத்தமாச் சொல்லுங்க, தண்ணி இரைச்சல்ல கேக்கல."

"மேன்மையர்! நான் மேன்மையர்!"

அவர் ஏறினார். கத்தரிக்காய் வாங்கிய அம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு சட்டென்று நகர்ந்தாள். முன்வரிசையில் அவருக்காக ஒரு முழ இடைவெளி விழுந்தது. எங்கே உட்காருவது என்று தெரியாமல் அவர் நின்றார். காத்தாயி தன் பக்கத்தில் இருந்த இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

"இங்க வந்து உக்காருங்க ஐயா. ஒட்டாது."

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு மாமா சாப்பிடாமலே எழுந்துபோனார். காத்தாயி பந்தல் காலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள். பூங்கோதை மணவறையிலிருந்து எழுந்து, மாலையோடு வெளியே வந்து, அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நிறுத்தினாள். பிறகுதான் தாலி ஏறியது. செங்கமலம் அழுதுகொண்டே சாப்பிட்டாள். சாப்பிடாமல் போன மாமாவின் இலையிலிருந்த பாயசத்தையும் அவளே குடித்தாள்.

தேர்தலில் வாகையழகனே வென்றார். 'ஓடத்தை நிறுத்திய உத்தமர்' என்று ஊரெங்கும் எழுதியிருந்தார்கள். வேலமேட்டுக்காரர்களும் அவருக்கே சோழி போட்டார்கள் என்று தெரிகிறது. எதிர்த்து நின்றவர் ஆற்றுக்கே பட்டம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

ஓடம் வேலமேட்டில் தவறாமல் நின்றது. ஏறுவோரும் இறங்குவோரும் பெருகியதால், மழைக்காலத்தில் துறையின் இறங்குபலகை உடைந்து ஆற்றோடு போயிற்று. புதுப்பலகை ஒன்று வேண்டும் என்று செங்கமலம் கொடித்துறைக்குப் போய்க் கேட்டாள். வாகையழகன் கண்களைத் துடைத்துக்கொண்டு, செயலரைப் பார்த்தார். மாலைக்குள் ஆணை பிறந்தது. வேலமேட்டுத் துறையில் பலகை இருந்த இடம் இனி 'பெரும்பாலம்' என்று அழைக்கப்படும். திறப்பு விழாவும் உண்டு.

இன்றும் அங்கே ஓடத்திலிருந்து இறங்குகிறவர்கள், கூடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, மார்பளவு தண்ணீரில், அந்தப் பாலத்தின்மீது நடந்துதான் கரையேறுகிறார்கள்.